சகலையின் வண்டியும் நான் பார்த்த சாவியும்

என் சகலை புது வண்டி எடுத்திருக்கிறார் என்று மனைவி சொன்னபோது நான் மில்லுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். "நல்லதுதான்" என்று சொல்லிவிட்டுச் சட்டைப் பொத்தானைப் போட்டேன். ஒரு பொத்தானை மாற்றிப் போட்டிருக்கிறேன் என்பதை மில் கேட்டில் வாட்ச்மேன் சொல்லித்தான் கவனித்தேன்.

சகலை என்றால் என் மனைவியின் தங்கை கணவர். என்னைவிட ஏழு வயது இளையவர். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருக்கிறார். கோர்ட்டில் மனு டைப் அடிப்பது, வாய்தா தேதி குறித்து வைப்பது, கட்சிக்காரர்களிடம் பேசுவது எல்லாம் அவர் வேலை. நான் இராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் ஃபிட்டர். மிஷின் நின்றால் என்னைக் கூப்பிடுவார்கள். ஓடிக்கொண்டிருக்கிற வரைக்கும் நான் ஒருத்தன் இருப்பது யாருக்கும் ஞாபகம் வராது.

எங்கள் மாமனார் வீடு கான்சாபுரத்தில். அவருக்கு இரண்டும் பெண்கள். நான் அந்த வீட்டுக்கு முதலில் வந்த மருமகன். ஒன்பது வருஷம் அங்கே 'மாப்பிள்ளை' என்றால் நான் மட்டும்தான். பிறகு சகலை வந்தார். அதற்குப் பிறகு யாராவது "மாப்பிள்ளை வந்திருக்காரு" என்றால், "எந்த மாப்பிள்ளை?" என்று இன்னொருவர் கேட்க ஆரம்பித்தார்கள். இதெல்லாம் ஒரு விஷயமா என்று கேட்கலாம். எனக்கு அது விஷயமாகத்தான் இருந்தது.

அந்தப் புது வண்டியைக் கான்சாபுரத்தில்தான் முதன்முதலில் பார்த்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை. நான் மனைவியையும் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு என் பழைய நூறு சிசி வண்டியில் போய்ச் சேர்ந்தபோது, அது வாசல் வேப்பமரத்தடியில் நின்றது. கரும்பச்சை நிறம். முந்நூற்றைம்பது சிசி. நான் வழக்கமாக வண்டியை விடும் இடம் அது. அந்த நிழலை விட்டால் தெருவில் வேறு நிழல் கிடையாது. என் வண்டியை வெயிலில் விட்டேன்.

வண்டியைச் சுற்றி அக்கம்பக்கத்து ஆட்கள் நின்றார்கள். சகலை சட்டையை முழங்கைக்கு மேல் மடித்துவிட்டு ஒவ்வொருவர் கேள்விக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "வாங்கண்ணே, உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டு இருந்தேன். இஞ்சின் சத்தத்தக் கேட்டுச் சொல்லுங்க" என்று ஸ்டார்ட் செய்தார். சத்தம் நன்றாக இருந்தது. ஃபிட்டருக்குப் பொய் சொல்ல வராது. "டேப்பெட் கொஞ்சம் சத்தமா இருக்கோ?" என்று சொல்லிப் பார்த்தேன். அப்படி ஒரு சத்தம் எனக்கே கேட்கவில்லை.

அதைவிடப் பெரிய அடி பிற்பாடு விழுந்தது. மாமனார் வத்திராயிருப்புக்கு உரம் வாங்கப் போக வேண்டும். நான் வரும்போதெல்லாம், "மாமா, ஏறுங்க, கொண்டு விடுதேன்" என்று கேட்பேன். அவர் ஒரு தடவைகூட ஏறியதில்லை. "வேண்டாம் மாப்ள, நான் பஸ்ல போய்க்கிடுதேன். பைக்குல உக்காந்தா இடுப்பு பிடிச்சுக்கிடுது" என்பார். அன்றைக்குச் சகலை கேட்டதும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பின்னால் ஏறி உட்கார்ந்துவிட்டார். திரும்பி வந்தபோது முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. "மெத்தையில உக்காந்த மாதிரி இருக்கு" என்று மாமியாரிடம் சொன்னார். இடுப்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

சாயங்காலம் நாங்கள் கிளம்பும்போது நான் என் வண்டியின் பூட்டுகளைத் திறந்துகொண்டிருந்தேன். ஒன்று சைடு லாக். இன்னொன்று முன்சக்கரத்துக்குள் விட்டு வேலிக்கல்லோடு சேர்த்துப் பூட்டிய சங்கிலி. சகலை அதைப் பார்த்துச் சிரித்தார்.

"அண்ணே, இந்த வண்டிக்கா இம்புட்டுப் பூட்டு? திருட வாரவன் இதப் பாத்தா, பாவப்பட்டு ரெண்டு லிட்டர் பெட்ரோல் ஊத்திட்டுல்ல போவான்!"

எல்லோரும் சிரித்தார்கள். மாமியார் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார். என் மனைவியும் சிரித்தாள். நானும் சிரித்தேன், வேறு என்ன செய்ய. "தம்பி, ஒங்க வண்டிக்குத்தான் மொதல்ல ஒரு டிஸ்க் லாக் வாங்கிப் போடணும். சைடு லாக்குக் கூடப் போடாம நிறுத்தியிருக்கீங்க" என்றேன். "போடுவோம்ணே, போடுவோம்" என்றார். அவர் போட மாட்டார் என்று எனக்குத் தெரியும்.

பூட்டு விஷயத்தில் நான் அப்படி ஆனதற்குக் காரணம் இருக்கிறது. கல்யாணமான இரண்டாம் வருஷம் எனக்கு ஒரு வண்டி களவு போனது. கூட வேலை பார்க்கிறவர் ஒருவரை இராஜபாளையம் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். பத்து நிமிஷம் பார்த்துவிட்டு வரலாம் என்று உள்ளே போனேன். வெளியே வந்தால் இரண்டு வண்டிகளுக்கு நடுவில் ஓர் இடம் காலியாக இருந்தது. தரையில் சைடு ஸ்டாண்டு அழுத்திய குழி மட்டும் இருந்தது. நான் வேறெங்கோ நிறுத்திவிட்டேன் போல என்று மூன்று வரிசையையும் சுற்றிச் சுற்றி வந்தேன். அந்தக் குழிக்கே திரும்பத் திரும்ப வந்தேன். அந்த வண்டி கிடைக்கவே இல்லை. அதற்கப்புறம் ஆறு மாதம், சிவப்பு வண்டி எது போனாலும் நம்பர் பிளேட்டைத்தான் பார்ப்பேன். வண்டி போன வலி என்னவென்று எனக்கு நன்றாகத் தெரியும். இதைச் சொல்லிவிட்டுத்தான் அடுத்ததைச் சொல்ல வேண்டும்.

சகலையின் வண்டி வந்ததிலிருந்து என் மனசு சரியில்லை. மில்லில் அத்தனை சத்தத்துக்கு நடுவிலும் அந்த இஞ்சின் சத்தம் காதில் கேட்பது போலிருக்கும். "அது மைலேஜே தராது" என்று மனைவியிடம் காரணமில்லாமல் சொல்வேன். "அந்த வெயிட்டுக்கு டயர் சீக்கிரம் தேஞ்சு போகும்" என்பேன். அவள், "இப்ப யாரு கேட்டா?" என்பாள். ஒரு தடவை கான்சாபுரத்தில் ஓர் ஆடு அந்த வண்டியின் சீட் மேல் ஏறி நின்று வேப்பங்கொப்பைத் தின்றது. நான் வாசலில்தான் இருந்தேன். "ஹேய்" என்று ஒரு சத்தம் கொடுத்தால் இறங்கிவிடும். கொடுக்கவில்லை. அது குளம்பை வைத்து சீட்டைக் கீறுமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். கீறவில்லை.

ஆவணி மாதம் மாமனார் வழியில் ஒரு கல்யாணம். ஸ்ரீவில்லிபுத்தூரில் மண்டபம். மனைவியும் பிள்ளைகளும் முந்தின நாளே தங்கை வீட்டுக்குப் போய்விட்டார்கள். நான் நைட் ஷிஃப்ட் முடித்து, குளித்து, வேட்டி கட்டிக்கொண்டு போய்ச் சேர ஒன்பதரை மணி ஆகிவிட்டது. முகூர்த்தம் முடிந்து பந்தி நடந்துகொண்டிருந்தது. மண்டபத்துக்குப் பக்கத்துச் சந்தில் வரிசையாக வண்டிகள். சந்து ஆரம்பிக்கிற இடத்திலேயே, எல்லா வண்டிக்கும் முன்னால், சகலையின் வண்டி.

அதில் சாவி தொங்கிக்கொண்டிருந்தது.

சின்னப் பித்தளைச் சங்கு கோத்த சாவி. சைடு லாக்கும் போடவில்லை. யாரையோ அவசரமாக இறக்கிவிட்டுவிட்டு அப்படியே உள்ளே போயிருப்பார். நான் பக்கத்தில் போய் நின்றேன். என் கை சாவியை எடுக்கத்தான் போனது. அதில் சந்தேகமில்லை. அந்த நேரம் மண்டப வாசலைப் பார்த்தேன். பட்டு வேட்டியில் சகலை நின்றார். பக்கத்தில் மாமனார். வருகிறவர்களிடமெல்லாம் மாமனார் அவர் தோளில் கை வைத்து, "எங்க மாப்பிள்ளை, கோர்ட்டுல இருக்காரு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்தக் கையைத்தான் நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

என் கையை இழுத்துக்கொண்டேன்.

வண்டி திருட்டுப் போகட்டும் என்று நான் நினைக்கவில்லை. அதைச் சத்தியமாகச் சொல்வேன். நினைத்தது இதுதான்: பந்தி முடியட்டும், சாவியைக் காணோம் என்று தேடட்டும், வேர்க்கட்டும், எல்லோர் முன்னாலும் நான் வெளியே போய் எடுத்து வந்து கொடுக்கிறேன், பூட்டைப் பற்றி அன்றைக்குச் சிரித்தவர்கள் எல்லாம் அப்போது பார்க்கட்டும். இப்படி யோசித்துக்கொண்டே என் வண்டியை விளக்குக் கம்பத்தோடு சேர்த்துச் சங்கிலி போட்டுப் பூட்டி, இழுத்துப் பார்த்துவிட்டு உள்ளே போனேன்.

பந்தியில் சகலைதான் பரிமாறினார். "அண்ணன் நைட் ஷிஃப்ட் பாத்துட்டு வந்திருக்காக. அண்ணனுக்கு இன்னும் ரெண்டு அப்பளம் வைங்க" என்று எனக்கு மேல் நின்று கவனித்தார். பாயாசம் இரண்டாம் தடவை வந்தது. தூக்கம் வேறு கண்ணைச் சுற்றியது. கை கழுவி, மொய் எழுதி, நாலு பேரிடம் பேசி, வெளியே வரும்போது பதினொரு மணி.

சந்தின் ஆரம்பத்தில் ஓர் இடம் காலியாக இருந்தது.

சகலை எடுத்துக்கொண்டு எங்கேயோ போயிருப்பார் என்று நினைத்தேன். நினைக்க விரும்பினேன். திரும்பி உள்ளே போனால் அவர் மாப்பிள்ளை வீட்டாருக்குத் தண்ணீர் பாட்டில் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, ஒங்க வண்டி எங்க?"

"வெளியதாண்ணே நிக்குது."

"இல்லையே."

அவர் வெளியே ஓடி வந்தார். வரிசை முழுக்க நடந்து பார்த்தார். அந்தக் காலி இடத்துக்கே திரும்பத் திரும்ப வந்தார். சட்டைப் பையைத் தடவினார். "சாவி இங்கதாண்ணே வச்சேன். இங்கதான் வச்சேன்" என்றார். ஒரு பெரிய மனுஷன் உதடு நடுங்குவதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். அந்த நேரத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும்.

சந்துக்கு எதிரில் ஒரு பால்கோவாக் கடை. வாசலில் கேமரா இருந்தது. கடைக்கார அம்மா நல்லவர். போலீஸ் வரும் வரைக்கும் கூடக் காத்திராமல் அதில் பதிந்ததை எங்களுக்கு ஓட்டிக் காட்டச் சம்மதித்தார். ஆனால் அதற்குள் ஸ்டேஷனிலிருந்து ஏட்டையா ஒருவர் வந்துவிட்டார். நான்கு பேரும் கல்லாவுக்குப் பின்னால் நெருக்கிக்கொண்டு சின்னத் திரையைப் பார்த்தோம்.

திரையில் நான் வந்தேன். என் வேட்டி, என் நடை. சகலையின் வண்டிக்குப் பக்கத்தில் நின்றேன். குனிந்தேன். நிமிர்ந்தேன். நின்றுகொண்டே இருந்தேன். ஒரு கணம்தான் நின்றதாக எனக்கு நினைப்பு. திரையின் மூலையில் ஓடிய கடிகாரத்தில் ஒன்றரை நிமிஷம் ஆனது.

"இது யாரு?" என்றார் ஏட்டையா.

"நான்தான் சார்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "வண்டி ஒங்களுதா?"

"இல்ல சார். சகலை வண்டி."

"அப்ப எதுக்கு அங்க அம்புட்டு நேரம் நின்னீங்க? என்னத்தப் பாத்தீங்க?"

"புது வண்டி சார். சும்மா பாத்தேன்."

என் குரல் எனக்கே திருட்டுக் குரலாகக் கேட்டது. ஏட்டையா பேனாவை எடுத்தார். அதற்குள் சகலை என் தோளில் கை போட்டார். "சார், அவுக எனக்கு அண்ணன் மாதிரி. மில்லுல ஃபிட்டரு. வண்டின்னா அவுகளுக்கு உசுரு. எதப் பாத்தாலும் அப்படித்தான் நின்னு பாப்பாக" என்றார். பேனா திரும்பப் பைக்குள் போனது.

பிறகு திரையில் திருடன் வந்தான். வெள்ளைச் சட்டை, வேட்டி, நெற்றியில் சந்தனம். கையில் கல்யாண வீட்டுத் தாம்பூலப் பை. மண்டபத்துக்குள் இருந்துதான் வந்தான். ஒருவேளை எனக்கு அடுத்த இலையில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கலாம். பையை ஹேண்டில்பாரில் மாட்டினான். உட்கார்ந்தான். எதிரே வந்த ஆளுக்கு வழிவிட்டு, மெதுவாக ஓட்டிக்கொண்டு போனான். கேமரா இருந்த கோணத்தில் சாவி தெரியவில்லை.

"சாவி போட்டுத்தான் எடுத்திருக்கான். கள்ளச் சாவியா ஒங்க சாவியான்னு சொல்ல முடியல. சைடு லாக் போட்டிருந்தீங்களா?" என்றார் ஏட்டையா. சகலை இல்லை என்று தலையாட்டினார். "ஆர்.சி. புக் எங்க?" "சைடு பாக்ஸ்ல சார்." ஏட்டையா பெருமூச்சு விட்டார். "அதையும் சேத்து அவனுக்குக் குடுத்துட்டீங்க. புக்கோட போனா விக்கிறது எம்புட்டு லேசு தெரியுமா? வீட்டுல வைக்கணும் சார். வண்டியில நகல்தான் இருக்கணும். சரி, ரெண்டு சாவியையும் பத்திரமா வையுங்க. இன்சூரன்ஸ்ல ரெண்டையும் கேப்பாங்க."

அந்த ஒரு வார்த்தைதான் சகலையைப் பிடித்துக்கொண்டது. ஒரு சாவி வீட்டில் இருந்தது. இன்னொன்று சட்டைப் பையிலிருந்து விழுந்திருக்க வேண்டும் என்று அவர் நம்பினார். மண்டபம் முழுக்கத் தேடினார். பரிமாறும்போது குனிந்ததில் விழுந்து இலையோடு சேர்ந்து போயிருக்கலாம் என்று மண்டபத்துக்குப் பின்னால் போனார். அங்கே எச்சில் இலைகள் குவிந்து கிடந்தன. பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு குச்சியை எடுத்துக் கிளற ஆரம்பித்தார்.

நானும் ஒரு குச்சியை எடுத்தேன். அவர் பக்கத்தில் நின்று கிளறினேன். சாம்பாரும் பாயாசமும் கலந்த அந்த நாற்றத்தில், அங்கே இல்லை என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்த ஒரு சாவியை, முக்கால் மணி நேரம் அவரோடு சேர்ந்து தேடினேன். ஒரு தடவை ஏதோ மினுங்கியது. "அண்ணே!" என்று பாய்ந்தார். தகரச் சிமிழ் மூடி. "பரவால்லண்ணே, நீங்க போய்ப் படுங்க. ராத்திரி முழுக்க முழிச்சிருக்கீங்க" என்றார்.

அடுத்த இரண்டு வாரம் அவர் டவுன் பஸ்ஸில் கோர்ட்டுக்குப் போனார். நான் எதற்கு ஆசைப்பட்டேனோ அது நடந்துவிட்டது. வேப்பமர நிழல் திரும்ப என் வண்டிக்குக் கிடைத்தது. மாமனார் வாசலில் உட்கார்ந்து அந்தப் பக்கம் பார்க்காமலே பேசினார். என் மனசுக்குள் துளி சந்தோஷமில்லை. அதோடு நிற்கவில்லை, புதிதாக ஒரு பொறாமை வந்தது. வண்டியைத் தொலைத்த பிறகும் வீட்டில் பேச்சு முழுக்க அவரைப் பற்றித்தான். "பாவம், எப்படித் தாங்குதாரோ" என்றார் மாமியார். என் வண்டி போனபோது, "கவனமா இருந்திருக்கலாம்ல" என்றுதான் சொன்னார். அந்தக் கணக்கையும் நான் மனசுக்குள் எழுதி வைத்தேன். அப்படிப்பட்ட ஆள் நான்.

ஒரு நாள் காலை காபி குடிக்கும்போது மனைவி சொன்னாள். "தங்கச்சி போன் பண்ணுனா. அவரு ராத்திரியெல்லாம் எந்திரிச்சு எந்திரிச்சு சாவியத் தேடுதாராம். பீரோவத் தள்ளிவச்சுத் தேடுதாராம்."

"சாவி அங்க இருக்காது" என்றேன். வாய் தவறி வந்துவிட்டது.

"ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். கோபத்தில் அவள் கத்துவாள் என்று தெரியும். கத்தவில்லை. "அவ என் தங்கச்சி" என்றாள். பிறகு, "நீங்களே போய்ச் சொல்லுதீங்களா, நான் சொல்லட்டா?" என்று கேட்டாள்.

மில்லில் அரை நாள் லீவு போட்டுவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். கோர்ட் வாசல் டீக்கடையில் மத்தியானம் அவரைச் சந்தித்தேன். கையில் கட்டுக் கட்டாகப் பேப்பர். "என்னண்ணே திடீர்னு?" என்று இரண்டு டீ சொன்னார். டீ வருவதற்குள் சொல்லிவிட்டேன். சாவி வண்டியிலேயே தொங்கியதை, கை போனதை, கையை இழுத்ததை.

அவருக்கு முதலில் புரியவில்லை. "மறந்துட்டீங்களாண்ணே?" என்றார்.

"மறக்கல. வேணும்னுதான் விட்டேன்."

"ஏன்ணே?"

"பொறாமை" என்றேன். அந்த வார்த்தையை என் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை.

அவர் வண்டியைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. "அந்த எச்சி எலையெல்லாம் எங்கூட நின்னு கெளறுனீங்களே" என்றார். பிறகு எழுந்து, பேப்பர்களை அடுக்கிக்கொண்டு, டீயைக் குடிக்காமலே ரோட்டைத் தாண்டிப் போய்விட்டார்.

அன்றைக்கே இன்சூரன்ஸுக்கு உண்மையை எழுதிக் கொடுத்துவிட்டார் என்று பிற்பாடு தெரிந்தது. சாவி வண்டியில்தான் இருந்தது, தவறு தன்னுடையது என்று. என்னைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை. தினமும் சத்தியப் பிரமாணப் பத்திரம் டைப் அடிக்கிற ஆள் பொய்யாகக் கையெழுத்துப் போட மாட்டார். ஆனால் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். தீபாவளிக்குக் கான்சாபுரத்தில் பார்த்தபோது, "வாங்க" என்றார். 'அண்ணே' வரவில்லை.

கார்த்திகையில் வண்டி கிடைத்தது. தென்காசிப் பக்கம் ஒரு சோதனையில் அந்த ஆள் மாட்டினான். கல்யாண மண்டபங்களாகப் பார்த்துப் போய், சாப்பிட்டுவிட்டு, வண்டி எடுப்பதுதான் அவன் தொழிலாம். வண்டியின் நம்பர் பிளேட்டை மாற்றியிருந்தான். சேஸிஸ் நம்பரை வைத்துத்தான் கண்டுபிடித்தார்கள். வண்டியைத் திரும்பக் கேட்டுக் கோர்ட்டில் மனுப் போட வேண்டும். ஆயிரம் பேருக்கு அந்த மனுவை டைப் அடித்தவர், மனுதாரர் என்ற இடத்தில் தன் பெயரை அடித்தபோது கை ஓடவில்லை என்று கொழுந்தியாள் என் மனைவியிடம் சொன்னாள்.

இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வீட்டு வாசலில் ஒரு லோடு ஆட்டோ வந்து நின்றது. மேலே அந்தக் கரும்பச்சை வண்டி. டேங்க் நசுங்கியிருந்தது. கண்ணாடி இல்லை. சைலன்சர் வேறு எதுவோ மாட்டியிருந்தான். ஒயர்கள் வெளியே தொங்கின. சகலை இறங்கி என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "ரெண்டு மெக்கானிக்கு பாத்துட்டாங்க. ஓடுது, ஆனா நடுவழியில நின்னுபோகுது. நீங்க பாருங்க."

மூன்று ஞாயிற்றுக்கிழமை அந்த வண்டியோடு உட்கார்ந்தேன். ஒயரிங் முழுக்கப் பிரித்துப் புதிதாக இழுத்தேன். அவர் ஒவ்வொரு வாரமும் வந்து எதிரே ஸ்டூலில் உட்கார்ந்தார். முதல் வாரம் ஸ்பேனரை எடுத்துக் கொடுப்பதோடு சரி. இரண்டாம் வாரம் நான் சீட்டுக்கு அடியில் ஒரு சின்ன சுவிட்ச் வைத்ததைப் பார்த்து, "இது என்ன?" என்றார்.

"இத ஆஃப் பண்ணிட்டா சாவி போட்டாலும் ஸ்டார்ட் ஆகாது. எங்க இருக்குன்னு ஒங்களுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். வீட்டுல கூடச் சொல்லாதீங்க."

"திறமையான திருடன் கண்டுபிடிச்சிருவான்ல?"

"கண்டுபிடிப்பான். அதுக்கு அவனுக்குப் பத்து நிமிஷம் ஆகும். ரோட்டுல பத்து நிமிஷம் அடுத்தவன் வண்டிய நோண்டிக்கிட்டு நிக்க அவனால முடியாது. ஒண்ணே ஒண்ணு போட்டா ஒடைச்சிருவான். சைடு லாக்கு, டிஸ்க் லாக்கு, சங்கிலின்னு மூணு இருந்தா பக்கத்து வண்டிக்குப் போயிருவான். அம்புட்டுத்தான் பூட்டோட வேலை."

சங்கிலியைச் சக்கரத்தோடு மட்டும் போட்டால் வண்டியை அப்படியே தூக்கி ஆட்டோவில் ஏற்றிவிடுவார்கள், அசையாத ஏதாவது ஒன்றோடு சேர்த்துப் பூட்ட வேண்டும் என்றேன். டேங்குக்குக் கீழே, வெளியே தெரியாதபடி, இடம் காட்டுகிற ஜி.பி.எஸ். கருவி ஒன்றைப் பொருத்தி அவர் போனில் சேர்த்துக் கொடுத்தேன். இஞ்சின் நம்பரையும் சேஸிஸ் நம்பரையும் படம் எடுத்து வைக்கச் சொன்னேன். அவர் கோர்ட் டைரியை எடுத்து ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டார்.

மூன்றாம் வாரம், வண்டியை முழுசாக மாட்டி முடித்தபோது, கேட்டார்: "இப்பவும் இருக்காண்ணே? அந்தப் பொறாமை?"

"இருக்கு" என்றேன். "குறைஞ்சிருக்கு. ஆனா இருக்கு."

அவர் தலையாட்டினார். மன்னித்துவிட்டேன் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் போகும்போது, "வாரேண்ணே" என்றார்.

இந்த வருஷம் தைப் பொங்கல் முடிந்த பிறகு கோர்ட் வளாகத்தில் அடுத்தடுத்து வண்டிகள் காணாமல் போயின. வக்கீல்கள் சேர்ந்து, போலீஸாரை வைத்து ஒரு கூட்டம் போட்டார்கள். களவு கொடுத்துத் திரும்ப வாங்கியவர் என்று சகலையைப் பேசச் சொன்னார்கள். சகலை என்னையும் வரச் சொன்னார். கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். அவர் மைக்கைப் பிடித்து, என்னிடம் கேட்டுக் குறித்ததை எல்லாம் அழகாக, நடுநடுவே சிரிக்க வைத்துச் சொன்னார். நான் ஸ்டூலுக்கு எதிரே உட்கார்ந்து கரகரவென்று சொன்னது அவர் வாயில் எப்படி அப்படி ஆனது என்று தெரியவில்லை. கல்யாணத்தைப் பற்றிச் சொல்லும்போது, "சாவிய நான்தான் வண்டியில விட்டுட்டுப் போனேன்" என்று சொல்லி அந்த இடத்திலேயே நிறுத்திக்கொண்டார். கைதட்டல் பலமாக இருந்தது. மேடையும், கைதட்டலும், பெருந்தன்மையும் எல்லாம் அவருக்கே. எனக்குள் அந்தப் பழைய எரிச்சல் மெல்ல எழும்பியது. கொஞ்சம் தாமதமாகக் கைதட்டினேன்.

கூட்டம் முடிந்ததும் ஒரு வக்கீலம்மா, "அந்த ரகசிய சுவிட்ச யாரு மாட்டுனா?" என்று கேட்டார். சகலை என்னைக் காட்டினார். அவ்வளவுதான். நாலைந்து பேர் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒருவர் என் கையைப் பிடித்து வண்டி ஸ்டாண்டுக்கே கூட்டிக்கொண்டு போனார். ஒவ்வொரு வண்டியாகக் குனிந்து பார்த்து, எங்கே வைக்கலாம், எது சரிப்படாது என்று சொல்லிக்கொண்டு வந்தேன். "சார், என் வண்டியையும் ஒரு தடவை பாத்துருங்க சார்" என்று ஒரு மாஜிஸ்திரேட் கோர்ட் ஊழியர் காத்து நின்றார். என்னை சார் என்று கூப்பிட்டவர்கள் என் வாழ்க்கையில் குறைவு.

சகலை கொஞ்ச தூரத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவரோடு யாரும் பேசிக்கொண்டிருக்கவில்லை.

"அண்ணே, பசிக்குது, போவோமா?" என்றார்.

"வாரேன் தம்பி" என்று அடுத்த வண்டிக்குக் குனிந்தேன்.

ஐந்து நிமிஷம் கழித்துத் திரும்பக் கூப்பிட்டார். குரலில் ஒரு கடுப்பு இருந்தது. அந்தக் கடுப்பு எனக்கு ரொம்பப் பழக்கமானது. நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் சட்டென்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

மிச்சமிருந்த இரண்டு வண்டிகளையும் நிதானமாகப் பார்த்து முடித்துவிட்டுத்தான் சாப்பிடப் போனோம்.